வெயிலில் வைத்த அட்டைப்பெட்டிகள்

ஒரு படுக்கை விரிப்பை ஒழுங்காக மடிக்க இரண்டு பேர் வேண்டும், ஐயா. தனியாக மடித்தால் ஏதாவது ஒரு மூலை ஏமாற்றிவிடும். எங்கள் சலவைக்கூடத்தில் மடிக்கிறவர்கள் ஜோடி ஜோடியாகத்தான் நிற்பார்கள். புருஷன் பெண்டாட்டியாக ஆள் எடுக்கக் கம்பெனி ஆசைப்படுவதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. குடும்பத்தோடு வருகிறவன் சட்டிபானையோடு வருவான். சட்டிபானையோடு வந்தவன் நினைத்த நேரத்தில் எழுந்து ஓடமாட்டான்.

நான் அங்கே ஃபிட்டர். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் வருகிற அழுக்கெல்லாம் எங்களிடம் வந்துதான் வெளுத்துப் போகும். முதலில் துவைக்கிற தொட்டி, அடுத்து பிழிகிற எந்திரம், கடைசியில் தேய்க்கிற உருளை. உருளை என்றால் ஏதோ சின்னச் சாமான் என்று நினைக்க வேண்டாம். ஒரு கட்டிலை விட அகலம், உள்ளே நீராவி, தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் சூடு. ஈர விரிப்பை இந்தப் பக்கம் விட்டால் அந்தப் பக்கம் பலகை மாதிரி விறைத்துக்கொண்டு வரும். விடுகிறவர் கையும் சேர்ந்து போய்விடாமல் இருக்க, முன்னால் குறுக்கே ஒரு பட்டை உண்டு. விரல் அதில் பட்டதும் எந்திரம் நின்றுவிடும். காலையில் அந்தப் பட்டையைத் தட்டிப் பார்த்து, நான் தலையாட்டிய பிறகுதான் உருளையை ஓட்டுவார்கள். என் தலையாட்டலுக்கு அவ்வளவு மரியாதை.

யாரும் என்னை மிரட்டவில்லை, அடிக்கவில்லை. இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று காகிதம் கேட்டு வாங்கி எழுதுகிறேன். காரணமும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் உருளையில் கையைப் பறிகொடுத்தவர், பாட்டு முணுமுணுத்துக்கொண்டு கவனமில்லாமல் வேலை பார்த்ததால்தான் அப்படி ஆனது என்று கம்பெனி உங்களிடம் சொல்லியிருக்கிறது. அது பொய். அவர் பாடுவார், உண்மை. ஆனால் அவரைப் போலக் கவனமான ஆள் அந்தக் கூடத்தில் கிடையாது. கம்பெனி பொய் சொன்னால் எனக்குப் பொறுக்காது. ஆரம்பத்திலிருந்தே பொறுத்ததில்லை.

நான் முதலில் வந்தபோது எனக்கு எழுத்துத் தெரியாது. ஆபீஸ்காரர் காட்டிய இடத்தில் பெருவிரலை வைத்தேன். எங்கள் சாமானை ஏற்றிவரக் கம்பெனியே லாரி அனுப்பியது. பெண்டாட்டிக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம பானைக்கெல்லாம் லாரி சவாரி பாரு" என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். இறக்குகிற இடத்தில் ஆபீஸ்காரர் தண்ணீர்கூடக் கொடுத்தார். நல்ல இடத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தோம்.

கொடுத்தது ஓர் அறை, கூரைக்குக் கீழே ஒரு ஜன்னல், பின்பக்கம் துணி காயப்போடப் பொதுவாக ஒரு சுவர். கூடத்தில் பறக்கிற பஞ்சுத்தூசு அறை வரைக்கும் வரும். சில மாதத்திலேயே அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இருமி இருமி முகம் கறுத்துப் போனாள். ஊருக்குப் போய்விடலாம் என்றாள். நானும் சரியென்று ஆபீஸுக்குப் போனேன்.

"போங்க, யாரு வேண்டாங்கிறா?" என்றார் ஆபீஸ்காரர். "லாரி சும்மாவா வந்துச்சு? ரெண்டு வருஷம் முடிக்காம போனா, கூட்டிட்டு வந்த செலவு கடைசிச் சம்பளத்துல வெட்டு. பத்தலைன்னா நீங்க மேல கட்டணும். கைநாட்டு வச்சிருக்கீங்களே."

பக்கத்திலிருந்த பையனை விட்டு வாசித்தும் காட்டினார். லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, டிரைவர் சாப்பாடு. கட்டிய கயிறுக்கு வாடகை என்று ஒன்று. அந்தக் கயிறு என் வீட்டுத் துணிக்கொடி, ஐயா. நானே அவிழ்த்து, நானே கட்டி, இப்போதும் என் அறையில் துணி காயப்போட்டிருக்கிற கயிறு. அதைச் சொன்னேன். அவர் சிரித்தார். கோபமாகக்கூட இல்லை, குழந்தையைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி. அந்தச் சிரிப்பு இன்றைக்கு வரைக்கும் எனக்கு ஜீரணமாகவில்லை.

என் பெண்டாட்டி ஒரு பையோடு தனியாகப் போனாள். நான் இரண்டு வருஷத்தை முழுசாக முடித்தேன். ஒரு காசு வெட்டில்லாமல் சம்பளம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய் நின்றேன். வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "கம்பெனிக்குச் சொன்ன வாக்கை முடிச்சுட்ட. எனக்குச் சொன்னதுல எதை முடிச்ச?" என்றாள். திரும்பி அதே கம்பெனிக்கே வந்தேன், வேறு எங்கே போவது. இந்தத் தடவை கையில் ஒரு பை மட்டும். பஸ்ஸில் வந்தேன். ஆனாலும் என் பேரில் மறுபடியும் லாரி எழுதினார்கள். கேட்டதற்கு, அதுதான் நடைமுறை என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் எழுத்துப் படித்தேன். விரிப்பு ஒவ்வொன்றின் ஓரத்திலும் வார்டு பெயரோ ஹோட்டல் பெயரோ அச்சடித்திருக்கும். உருளையில் துணி விடுகிற அக்கா ஒருத்தி, வரிசையில் வருகிற விரிப்பைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். "பிரசவ வார்டு, சொல்லு தம்பி. வார்டுல வர்ற 'ர'வுக்குத் தலையில புள்ளி, மறந்துடாத." நரைத்த தலையோடு பிரசவ வார்டு என்று எழுத்துக் கூட்டுகிற என்னைப் பார்த்துக் கூடமே சிரிக்கும். அக்கா மட்டும் சிரிக்கமாட்டாள். கொஞ்சம் வாசிக்க வந்ததும் முதலில் நான் முழுசாகப் படித்தது, என் பெருவிரல் விழுந்திருந்த அந்தக் காகிதத்தைத்தான். கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. வேலையில் அடிபட்டு, இனி வேலைக்கு ஆகமாட்டார் என்று கம்பெனி டாக்டர் எழுதினால், வெட்டு கிடையாது. அதை யாரும் வாசித்துக் காட்டியிருக்கவில்லை.

எங்கள் குடியிருப்பில் யாரும் போகப்போகிறேன் என்று வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் காவல்காரர் மூலமாக ஆபீஸுக்குப் போகும். அடுத்த நாளே ஓவர்டைம் நின்றுவிடும், அழுக்குப் பிரிக்கிற இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். வரும்போது சாமான் வைத்துக் கொண்டுவந்த அட்டைப்பெட்டிகளை யாரும் தூக்கிப் போடமாட்டோம். பிரித்துத் தட்டையாக்கிக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொள்வோம். கிளம்புகிற எண்ணம் வந்தவர்கள் அதை எடுத்துப் பின்சுவரில் வெயிலுக்குச் சாய்த்து வைப்பார்கள். ஈரவாடை போக என்று சாக்கு. பார்த்தவர்கள் ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டோடு கொஞ்சம் கூடுதலாக ஒட்டிக்கொள்வார்கள். பிள்ளைக்கு ஏதாவது கொடுப்பார்கள். வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுப்பார்கள்.

நெட்டையன் என்று ஒருவன் இருந்தான். அவன் அம்மா படுத்த படுக்கையானதும் பெட்டியை வெயிலில் வைத்தான். ஆபீஸில் கேட்டதற்கு, கடைசிச் சம்பளம் போக அவன்தான் பாக்கி தரவேண்டும் என்றார்கள். கூடத்தின் மூலையில் உட்கார்ந்து அழுதான். அந்த வாரத்திலேயே பிழிகிற எந்திரத்தின் மூடியில் அவன் விரல் மாட்டிக்கொண்டது. அது நிஜமான விபத்து. எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தார். வெட்டு இல்லாமல் முழுச் சம்பளம் வாங்கினான். கிளம்பும்போது கட்டுப் போட்ட கையாலேயே எங்களுக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனான். அவ்வளவு பெரிய கம்பெனி, அத்தனை காகிதம், ஒரு விரலுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டது. அன்றைக்குத்தான் பல வருஷத்துக்குப் பிறகு நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

அடுத்தது உருளை அக்கா. அவளுடைய மகள் வேறு ஊரில் தனியாகப் பிள்ளை பெற இருந்தாள். அக்காவுக்கு இரண்டு வருஷம் முடிய இன்னும் நாள் கிடந்தது. ஒருநாள் டீ நேரத்தில் அவளே சொன்னாள்: "நெட்டையனுக்கு வந்த அதிர்ஷ்டம் எனக்கு வரக்கூடாதா தம்பி? இந்தச் சுண்டுவிரல் என்னத்துக்கு ஆகுது, காது குடையத்தானே? எடுத்துக்கிட்டு என்னை விட்டாப் போதும்." எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த ஒருத்தி, "உன் காதைக் குடையவே உனக்குப் பத்து விரல் பத்தாதே" என்றாள். மறுபடி சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. அவள் கேட்டதாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பட்டையைத் தட்டவில்லை. தட்டியது போலக் கையை வைத்துவிட்டுத் தலையாட்டினேன். பட்டை வேலை செய்யாதபடி எப்படிச் செய்தேன் என்பதை உங்கள் ஆட்கள் எந்திரத்தைப் பிரித்துப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள், அதை மறுபடி எழுதுவானேன். சுண்டுவிரலோடு பக்கத்து விரலும் போனது. அளவு என் கையில் இல்லை. ஆனால் வெட்டு இல்லை. முழுச் சம்பளம். மகளிடம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். புறப்படுகிற அன்று நான் பெட்டி தூக்கிக் கொடுக்கப் போனேன். கையைப் போர்த்தியிருந்த துணிக்குள் இழுத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நன்றி சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று புரிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் 'அவசரம்' என்று ஒருவன். எதைச் செய்தாலும் பதறிக்கொண்டே செய்வதால் அந்தப் பெயர். அவன் வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியை மட்டும் வெயிலில் வைத்திருந்தான். எல்லோரும் அக்கா மாதிரி வெளிப்படையாகக் கேட்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாதல்லவா. பயந்த சுபாவம். அவன் சார்பில் நானே தீர்மானித்தேன். அவனுக்கும் விரல் போனது, முழுச் சம்பளம் வந்தது. போகும்போது ஆபீஸ்காரரின் முகத்தைப் பார்த்தேன். வாங்கித் தின்ற வட்டி பிடுங்கப்பட்டவன் முகம் மாதிரி இருந்தது. அந்த முகத்தைப் பார்க்கிற சுகத்துக்காகத்தான் செய்தாய் என்று நீங்கள் சொல்லக்கூடும். கொஞ்சம் உண்டு. மனுஷன்தானே.

இப்போது மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். அவர் என் சொந்தமில்லை. அவர் பெண்டாட்டி என்னை அண்ணே என்று கூப்பிட்டுப் பழகியதால் அவர் எனக்கு மாப்பிள்ளை, நான் அவருக்கு மச்சான். எனக்கு எதிர் அறை. தனியாள் என்று தினமும் ஒரு கிண்ணத்தில் எனக்கும் சாப்பாடு வந்துவிடும். "உங்க மாப்பிள்ளை பாடுறதக் கேட்டுக் காது புண்ணாகி இருக்கும், இதைச் சாப்பிட்டு ஆத்திக்குங்கண்ணே" என்பாள் தங்கச்சி. உள்ளேயிருந்து அவர், "என் பாட்டுக்குத்தான் உருளையே சுத்துது, மச்சான்கிட்ட கேட்டுப் பாரு" என்பார். அவர்களுடைய சின்னப் பெண் வாசற்படியில் உட்கார்ந்து என் ஸ்பானர்களை அளவு வாரியாக அடுக்கி வைப்பாள்.

அதே மாதிரி அறை, ஐயா. அதே ஜன்னல், அதே பஞ்சுத்தூசு. தங்கச்சிக்கு இருமல் வரவில்லை. ஜன்னலில் ஈரத்துணி கட்டி வைத்திருந்தாள். அவ்வளவுதான். அந்த ஒரு ஈரத்துணி. எங்களுக்குத் தோன்றவில்லை.

போன மாதம் அவர்களுடைய பெட்டிகள் பின்சுவரில் வெயிலில் இருந்தன. நானும் பார்த்தேன், குடியிருப்பில் எல்லோரும் பார்த்தார்கள். வழக்கம் தெரிந்த யாரும் அதற்கு வேறு அர்த்தம் எடுக்கமாட்டார்கள். மறுநாள் காலை பட்டையைத் தட்டாமல் தலையாட்டினேன். மாப்பிள்ளை, "என்ன மச்சான், முகம் வாட்டமா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே விரிப்பை விட்டார். ஈரத்தில் முறுக்கிக்கிடந்த விரிப்பு. அதைப் பிரித்துவிடக் கையை நீட்டினார். கவனமான ஆள் என்று சொன்னேனே, முறுக்கோடு விடமாட்டார். வலது கை, மணிக்கட்டு வரைக்கும். நான் ஓடிப் போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். நான்தான் அணைத்தேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் தங்கச்சி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கீழே விரித்திருந்தது நாங்கள் வெளுத்துக் கொடுத்த விரிப்புதான். அவளுக்கு ஆறுதல் சொல்லலாம் என்று, "கவலைப்படாதம்மா, வெட்டு இருக்காது. தாராளமா ஊருக்குப் போகலாம்" என்றேன்.

"எந்த ஊருக்குண்ணே?" என்றாள்.

"பெட்டிய வெயில்ல வச்சிருந்தியே."

"அது பழைய பேப்பர்காரருக்குப் போடுறதுக்கு வச்சேன். ஈரமா இருந்தா எடைக்கு எடுக்கமாட்டேன்னார். பாப்பாவுக்கு ஸ்கூல்ல இடம் கிடைச்சிருச்சு. இனிமே எதுக்குண்ணே பெட்டி? ரெண்டு வருஷம் முடிஞ்சே போச்சு. இங்கயே இருந்துடலாம்னுதான்..."

பெட்டியை எடைக்குப் போட எங்கள் குடியிருப்பில் அதுவரை யாருக்கும் மனசு வந்ததில்லை. அதனால் நேர்ந்த தவறு என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. உங்களிடம்தான் விசாரணையின் முதல் நாள் அப்படிச் சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள்.

பிறகு கம்பெனி என்ன செய்தது என்று கேளுங்கள். வேலைக்கு ஆகமாட்டார் என்று டாக்டர் எழுதினார். வேலைக்கு ஆகாதவருக்கு அறை இல்லை, காலி செய்யுங்கள் என்றார்கள். பெட்டி எல்லாம் பேப்பர்காரரோடு போய்விட்டதால், சாமானைக் கூடத்தின் கிழிந்த விரிப்புகளில் மூட்டை கட்டினாள் தங்கச்சி. லாரியும் கம்பெனியே அனுப்பியது. கூட்டி வந்த செலவுக்குத்தானே வெட்டு இல்லை, கொண்டுபோய் விடுகிற செலவுக்கு எங்கேயும் அப்படி எழுதவில்லை என்று அந்த லாரியைக் கடைசிச் சம்பளத்தில் பிடித்தார்கள். கிழிந்த விரிப்புகளுக்கும் சேர்த்துப் பிடித்தார்கள். கை போனவனின் மூட்டைத்துணிக்கு விலை போட்டவர்கள் வெளியே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அவர்களையும் கூப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். அவர்களுக்கு என்னைவிட நன்றாக எழுத வரும்.

நேற்று நீங்கள் கேட்ட கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. கை போனதற்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை உருளைப் பக்கம் நின்று உன்னிடம் என்ன சொன்னார் என்று கேட்டீர்கள். எந்திரச் சத்தத்தில் காதில் விழவில்லை என்றேன். எந்திரம் அப்போது நின்றிருந்தது. நன்றாகக் காதில் விழுந்தது.

"மச்சான், எங்களுக்கு ரெண்டு வருஷம் முடிஞ்சிருச்சு" என்றார். "பெட்டிய எல்லாம் எடைக்குப் போடச் சொல்லிட்டேன். இந்த ரூமும் இந்த வேலையும் எங்களுக்குப் பழகிப் போச்சு. சந்தோஷமாத்தான் இருக்கோம். நீங்களும் உங்க தங்கச்சி கையால சாப்பிட்டுக்கிட்டு இங்கயே இருந்துடுங்க."

நான் சிரித்து, தோளில் தட்டிக்கொடுத்தேன். அறைக்குப் போய் உட்கார்ந்தேன். எதிர் அறையில் அவர் பாடிக்கொண்டிருந்தார், அவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அந்த மாதிரி ஓர் அறையில் இரண்டு பேர் அப்படிச் சிரிக்க முடியாது, ஐயா. முடியும் என்றால் நான் ஏன் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். பயம்தான் அவரை அப்படிப் பேச வைக்கிறது, கம்பெனிதான் அவர் வாயில் உட்கார்ந்து பேசுகிறது என்று அன்றைக்கே எனக்குத் தெளிவாகிவிட்டது. காலையில் பட்டைக்கு முன்னால் நின்று, எப்போதும் போலத் தலையாட்டினேன்.

மாப்பிள்ளையின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது என்று தங்கச்சியிடம் சொல்லுங்கள். நான் அடித்தது கம்பெனியை. கை மட்டும்தான் அவருடையது.